தலைப்பில்லாத கட்டம்

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் அட்டைப்பெட்டிக்குள் போய்ச் சேர்வதற்குள் ஐந்தாறு கூரைகளுக்கடியில் தங்கி வருகிறது. நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒருவரிடம், சாயம் இன்னொருவரிடம், காம்பாக்டிங் வேறொருவரிடம். பிரிண்டிங்கும் எம்பிராய்டரியும் இருந்தால் அவற்றுக்குத் தனித்தனி இடம். கட்டிங் பெரும்பாலும் கம்பெனிக்குள்ளேயே நடக்கும். தையலில் ஒரு பங்கு உள்ளே, ஒரு பங்கு வெளியே பவர் டேபிள்காரர்களிடம். ஒவ்வொரு தடவை துணி வாசலைத் தாண்டும்போதும் ஒரு டி.சி. எழுதுகிறார்கள். திரும்பி வரும்போது எடை போட்டு அந்த டி.சி.க்கு நேரே குறித்துக்கொள்கிறார்கள்.

அந்த டெலிவரி சலான்களையும் அவற்றைச் சுற்றியிருக்கும் நோட்டுகளையும் கணினிக்குள் கொண்டுபோவது என் தொழில். பெரிய நிறுவனங்களில் இதை ஈ.ஆர்.பி. இம்ப்ளிமென்டேஷன் என்பார்கள். பனியன் கம்பெனிகளில் நாங்கள் "சாஃப்ட்வேர் போடறவங்க".

ஆர்டர் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தக் கலர் துணி எங்கே இருக்கிறது, எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பதெல்லாம் ஒரே திரையில் தெரியும் என்று சொல்லித்தான் முதலாளியிடம் மென்பொருளை விற்கிறார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் அந்தத் திரையில் வரும் ஒவ்வோர் எண்ணையும் முதலில் எழுதுகிறவர் ஃபேப்ரிக் ஸ்டோரில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இப்படி எழுதுவதால் அவருக்கு என்ன கிடைக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கும் கம்பெனியில் மென்பொருள் வேரூன்றுகிறது. பதில் இல்லாத கம்பெனியில் சில மாதங்களுக்குள் எக்செல் தாள்கள் திரும்பி வந்துவிடுகின்றன. எத்தனையோ பனியன் கம்பெனிகளில் வேலை செய்தபின் நான் உறுதியாக நம்புவது இது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்தில் பல கம்பெனிகளில் கணினி என்றால் டேலியில் போடும் வரவு செலவும், உள்ளூர்ப் பையன் ஒருவர் ஃபாக்ஸ்புரோவில் எழுதிக் கொடுத்த சம்பளக் கணக்கும்தான். 2005 ஜனவரி முதல் தேதியோடு ஜவுளி ஏற்றுமதிக்கான கோட்டா முறை உலக அளவில் முடிவுக்கு வந்தது. எவ்வளவு அனுப்பலாம் என்று அதுவரை ஒதுக்கீடு சொல்லிக்கொண்டிருந்தது. அதன்பின் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு சீக்கிரம் அனுப்ப முடியும் என்பதே கேள்வி ஆயிற்று. பையர்கள் பெரிய ஆர்டரோடு வந்தார்கள். இந்த லாட் எந்த நூலில் ஓடியது, எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது என்ற கேள்விகளையும் கூடவே கொண்டுவந்தார்கள்.

அடுத்த உலுக்கல் 2011இல். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் அந்த ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் துணி வெளியூர்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் சாயத்துக்குப் போக ஆரம்பித்தது. பைக்கில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் இருந்த லாட்டுகள், லாரி போய்ச் சேரவே நாள் கணக்காகும் தூரத்துக்குப் போய்விட்டன. ஃபேப்ரிக் மேனேஜரின் ஞாபகத்திலும் போனிலும் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இனிப் போதாது என்று பல முதலாளிகளுக்கு உறைத்தது அந்த மாதங்களில்தான்.

ஒரு புதுக் கம்பெனிக்குப் போனால் முதல் சில நாட்கள் நான் லேப்டாப்பைத் திறப்பதில்லை. நோட்டுகளைப் படிப்பேன். ஸ்டோர் நோட்டு, கேட்டில் செக்யூரிட்டி எழுதும் நோட்டு, கட்டிங் மாஸ்டர் துணி விரிப்பைக் குறிக்கும் லே நோட்டு, செக்கிங் மேஜையில் கிடக்கும் நோட்டு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் பல வருடம் யோசித்துத் தன் வேலைக்கென்று செய்துகொண்ட மென்பொருள் என்றே நான் நினைக்கிறேன். அதைப் படிக்காமல் திரையை வடிவமைப்பது அந்த ஆளை அவமதிப்பதாகும். வேலையும் கெடும்.

அவிநாசி ரோட்டுக் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில், தலை நரைத்த ஒருவரின் நோட்டில் தேதி, டி.சி. எண், பட்டறை, கலர், டயா, ரோல், போன எடை, வந்த எடை, பாக்கி என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. கடைசியில் தலைப்பில்லாமல் ஒரு கட்டம். அதில் சில வரிகளுக்கு நேரே சிவப்பு மையில் ஒரு கோடு, சிலவற்றுக்கு இரண்டு கோடு, இங்கொன்றும் அங்கொன்றுமாக வட்டங்கள்.

"இது என்னங்கண்ணா?" என்று கேட்டேன்.

"அது நமக்குத் தெரியறதுக்கோசரம் போட்டு வெச்சிருக்கறதுங்க தம்பி. ஒரு கோடுன்னா ஷேடு வரலை, மறுக்காப் பட்டறைக்குப் போயிருக்குது. ரெண்டு கோடுன்னா ரெண்டு தடவை போயிருக்குது. அதுக்கு மேல போச்சுன்னா துணி செத்துப் போயிருமுங்க. கட்டிங் மாஸ்டர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருவேன்."

"வட்டம்?"

"ஈரத்தோட வந்ததுங்க. அந்த எடையை நம்பக் கூடாது."

நாங்கள் கொண்டுபோயிருந்த மென்பொருளில் இந்த இரண்டுக்குமே இடமில்லை. துணி மறுபடி பட்டறைக்குப் போனால் அது புதிய டி.சி.யாகப் பதிவாகும், முதலில் போன லாட்டுக்கும் இதற்கும் தொடர்பு தெரியாது. அதே துணி இரண்டு தடவை கணக்கில் ஏறி, பட்டறையில் இல்லாத துணி இருப்பதாகக் காட்டும். மறு சாயத்தில் இன்னொரு தடவை எடை குறையும். அந்தக் குறைவு யார் தலையில் விழ வேண்டும்? ஷேடு தவறியது பட்டறையின் பிழை என்றால் மறு சாயத்துக்குக் கூலியும் கிடையாது, குறைந்த எடைக்கு டெபிட் நோட்டும் போகும். பையர் கலரை மாற்றியதால் போனது என்றால் இரண்டும் கம்பெனியின் செலவு. பணம் யார் கொடுப்பது என்ற முடிவு அந்தச் சிவப்புக் கோட்டில் இருந்தது. அக்கவுண்ட்ஸ் அறையில் யாருக்கும் அது தெரியாது. அவர் நேரில் போய்ச் சொன்னால் மட்டும் பில்லில் கழிப்பார்கள். அவர் லீவில் இருந்த வாரங்களில் வந்த பில்கள் முழுசாகவே பாஸாகியிருக்கின்றன.

லாட் எண்ணை மாற்றாமல், மறு சாயத்தைத் தனிப் படியாகவும் அதற்கான காரணத்தைக் கட்டாயப் பதிவாகவும் வைத்தோம். ஈரத்துக்கு ஒரு குறி. அது போட்டிருந்தால் காற்றாடவிட்டு மறு எடை போடும்வரை அந்த எடை பில்லுக்குப் போகாது. இதைச் செய்து திரையில் காட்டிய அன்றுதான் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர், அதன்பின் நான் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தார்.

இந்தத் தொழிலில் எடைதான் எல்லாம். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எடை ஏன் சிக்கல் என்பது இந்த மென்பொருளின் யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும். ஈ.ஆர்.பி. என்ற பெயரைக் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் 1990இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அதன் அடித்தளமான மூலப்பொருள் கணக்கு அதற்கும் முந்தியது. ஜோசப் ஆர்லிக்கி 1975இல் அதைப் பற்றி எழுதிய நூல் இன்றும் இந்தத் துறையின் பாடநூல். செய்யப்போகும் பொருளை எடுத்துக்கொள், அதன் உறுப்புகளாகப் பிரி, ஒவ்வோர் உறுப்பும் எத்தனை வேண்டும், எப்போது வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிடு. இயந்திரத் தொழிலுக்கென்று பிறந்த யோசனை. ஒரு பம்புக்கு ஆறு போல்ட் என்றால் ஆயிரம் பம்புக்கு ஆறாயிரம் போல்ட். போல்ட் வழியில் சுருங்காது, ஈரம் குடிக்காது.

பனியன் துணி இரண்டையும் செய்யும். ஒரு டி-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்று வைத்துக்கொள்வோம். 10,000 பீஸுக்கு 2,000 கிலோ சாயத் துணி வேண்டும். அந்தக் கலருக்குப் பட்டறையில் 8 சதவீதம் குறையும் என்றால் சாயமேறாத கிரே துணி எவ்வளவு அனுப்புவது? மென்பொருள் எழுதுகிற பலர் 2,000த்தோடு 8 சதவீதத்தைக் கூட்டி 2,160 என்று போட்டுவிடுகிறார்கள். 2,160 கிலோ அனுப்பினால் 8 சதவீதம் கழிந்து திரும்பி வருவது 1,987 கிலோ. ஏறக்குறைய 13 கிலோ குறை. டி-ஷர்ட்டாகச் சொன்னால் 64. சரியான கணக்கு 2,000த்தை 0.92ஆல் வகுப்பது, 2,174 கிலோ வரும். நிட்டிங்கில் ஒன்றரை சதவீதம் போகும் என்றால் நூல் 2,207 கிலோ வாங்க வேண்டும். கூட்டுவதா வகுப்பதா என்பதைப் பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான். ஆனால் ஒவ்வொரு கலரிலும் இந்த வித்தியாசத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நேரத்தில் அதே கலரில் பத்துப் பதினைந்து கிலோவுக்காகத் தனி லாட் ஏற்றுவதும், அது பழைய ஷேடோடு ஒட்டாமல் மெர்ச்சண்டைசர் அலைவதும் இப்படித்தான் நடக்கிறது.

அந்த 8 சதவீதமும் நிலையான எண் இல்லை. ஷேடுக்கு ஷேடு மாறும். பயோ வாஷ் போட்டால் கூடுதலாகக் குறையும். பருவத்துக்குப் பருவமும் மாறும். உலர்ந்த பருத்தியின் எடையில் 8.5 சதவீத ஈரத்தை வணிகத்தில் இயல்பென்று ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிஜத்தில் இருக்கும் ஈரம் காற்றைப் பொறுத்தது. உலர்த்தும் ஸ்டென்டரிலிருந்து சூடாக இறங்கிய துணியின் எடையும், ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வராந்தாவில் கிடந்த துணியின் எடையும் ஒன்றாக இருக்காது. ஸ்டோர்காரர்கள் இதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

பல முதலாளிகள் கேட்பது ஒரு பூட்டு. "பத்து பர்சென்ட்டுக்கு மேல குறைஞ்சா கம்ப்யூட்டர் ஏத்துக்கவே கூடாது. அப்படிப் பண்ணிக் குடுங்க." திருட்டைத் தடுக்கும் எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் அப்படிப் பூட்டிய கம்பெனி ஒன்றின் பதிவுகளைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தபோது 9.7, 9.8, 9.9 என்றே வரிசையாக இருந்தது. பன்னிரண்டு சதவீதம் குறைந்த லாட்டும் 9.9 என்றே உள்ளே ஏறியிருந்தது. லாரி வாசலில் நிற்கிறது. கட்டிங்கில் ஆட்கள் துணிக்குக் காத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது என்றால் ஸ்டோர்காரர் அது ஏற்றுக்கொள்ளும் எடையைத்தான் அடிப்பார். விட்டுப்போன எடையை அடுத்த லாட்டில் சரிக்கட்டுவார். அந்த நாளிலிருந்து இரண்டு லாட்டின் கணக்கும் பொய். எந்தப் பட்டறையில் உண்மையிலேயே கூடுதலாகக் குறைகிறது என்று இனி ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது.

பூட்டு வேண்டாம் என்று நான் எப்போதும் வாதாடுகிறேன். எந்த எடை வந்தாலும் மென்பொருள் வாங்கிக்கொள்ளட்டும். எல்லை தாண்டினால் காரணம் கேட்கட்டும். ஃபேப்ரிக் மேனேஜருக்கு அந்த நிமிடமே செய்தி போகட்டும். பில் பாஸாகும் இடத்தில் நிற்கட்டும். வாசலில் நிற்கிறவரிடம் கணினி சண்டை போடக் கூடாது. சண்டை போட வேண்டியவர் மேனேஜர், அதுவும் பட்டறைக்காரரோடு, கையில் உண்மையான எண்ணை வைத்துக்கொண்டு. பூட்டைத் திறந்த முதல் மாதங்களில் கணக்கு மோசமாகத் தெரியும். முதலாளிக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொண்டு, இதுதான் உங்கள் கம்பெனியில் எப்போதும் நடந்துகொண்டிருந்தது, இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்று பொறுமையாகச் சொல்வது என் வேலையின் பெரிய பகுதி.

பெயர்கள் இன்னொரு தலைவலி. ஒரே துணியை நிட்டிங்கில் ஒரு பெயரிலும், பர்சேஸில் ஒரு பெயரிலும், பையரின் ஷீட்டில் ஒரு பெயரிலும் அழைப்பார்கள். நேவி என்று தேடினால் எக்செல்லில் ஏழெட்டு நேவி வரும். இரண்டு பையர்களின் நேவி ஒன்றாகவும் இருக்காது. இதற்கு நான் கண்ட வழி, குறியீட்டு எண் எதுவாக இருந்தாலும் திரையில், வேலை நடக்கும் இடத்தில் சொல்லும் பெயரே முதலில் தெரிய வேண்டும் என்பது. எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னால் அவசரத்தில் பட்டியலின் முதல் பெயரைத் தட்டிவிடுவார்கள். புதுப் பெயரைச் சேர்க்கும் உரிமையை ஒரே ஆளுக்குத்தான் கொடுப்பேன். அந்த ஆள் ஸ்டோரை அறிந்தவராக இருக்க வேண்டும்.

எப்போது தொடங்குவது என்பதில் அக்கவுண்ட்ஸுக்கும் புரொடக்‌ஷனுக்கும் எப்போதும் இழுபறி. ஆடிட்டர் ஏப்ரல் முதல் தேதி என்பார். கோடை ஆர்டர்களின் ஷிப்மென்ட் நெருக்கடியில் இருக்கும் கம்பெனிக்கு அந்த மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தில் 1999இல் நடந்ததை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் படித்திருப்போம். ஏப்ரலில் தொடங்க வேண்டிய புதிய அமைப்பு தள்ளிப்போய், விற்பனை உச்சத்துக்கு ஏறும் ஜூலையில் எல்லாப் பகுதிகளும் ஒன்றாகத் தொடங்கின. அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேலான ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. எந்த முதலாளி அவசரப்படுத்தினாலும் நான் இதைச் சொல்வேன். பனியனைப் பற்றிச் சொன்னால் வாதாடுகிறவர்கள் சாக்லேட்டைப் பற்றிச் சொன்னால் யோசிக்கிறார்கள்.

எங்கள் ஊருக்குப் பொருத்தமான வழி இது: நடந்துகொண்டிருக்கும் ஆர்டர்கள் பழைய முறையிலேயே முடியட்டும், ஒரு குறிப்பிட்ட நாளுக்குப் பிறகு வரும் ஆர்டர் நூல் வாங்குவதிலிருந்தே புதியதில் தொடங்கட்டும். ஒரே ஆர்டரை இரண்டு இடத்திலும் எழுதச் சொல்லக் கூடாது. இரட்டை எழுத்து இரண்டு வாரம் தாங்கும். மூன்றாவது வாரம் ஏதோ ஒன்றை விட்டுவிடுவார்கள். விடப்படுவது எப்போதும் கணினிதான். இருப்பு எண்ணுவதற்குத் தீபாவளி விடுமுறையைவிட நல்ல நேரம் கிடையாது. போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். மெஷின்கள் நிற்கும். துணி ஓரிடத்தில் அசையாமல் இருக்கும் நாட்கள் இந்த ஊரில் குறைவு.

முதலில் எழுதுகிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று ஆரம்பத்தில் கேட்டேன். அதற்கு வருகிறேன்.

பவர் டேபிள்காரர் ஒருவர். பத்துப் பதினைந்து மெஷின் வைத்து, கட் பீஸை எடுத்துப்போய்த் தைத்துக் கொண்டுவந்து கொடுப்பவர். சனிக்கிழமை அவர் தன் ஆட்களுக்குச் சம்பளம் போட்டாக வேண்டும். கம்பெனி நோட்டில் ஓர் எண்ணிக்கை, அவர் நோட்டில் ஓர் எண்ணிக்கை. வாரத்தில் வந்த பீஸ்கள் செக்கிங்கில் கலந்துபோயிருக்கும். திருத்தித் தைக்க ஆல்டர் என்று ஒதுக்கியது எவ்வளவு, ரிஜெக்ட் எவ்வளவு என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. இருட்டும்வரை வாசலில் நின்று, கடைசியில் "மீதியை அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்று கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். அங்கே அவருக்காகக் காத்திருக்கும் பெண்களுக்கு அந்த மீதிதான் வீட்டு மளிகை.

பீஸ் வந்து இறங்கும்போதே எண்ணி, அங்கேயே ஒரு சீட்டு அடித்து அவர் கையில் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்தோம். செக்கிங்கில் ஆல்டர் ஒதுக்கியதும் அதற்கும் ஒரு சீட்டு. சனிக்கிழமை மதியத்துக்குள் பில் தானாக வந்துவிடும். மென்பொருள் நிறுவனங்கள் தங்கள் சிறப்பம்சப் பட்டியலில் இதைப் போடுவதே இல்லை. ஆனால் அதன்பின் சீட்டு வாங்காமல் ஒரு பவர் டேபிள்காரரும் பீஸை இறக்கவில்லை. பிரிண்டர் மக்கர் செய்தால் எனக்கு முதலில் போன் செய்தவர்கள் அவர்கள்தான். "தம்பி, சீட்டு வரலீங்க, வண்டி நிக்குது" என்று வரும் அந்தப் போனை நான் மிகவும் விரும்பினேன். பதிவு விட்டுப்போகாமல் காவல் காக்க ஒரு மேலாளரை வைக்கத் தேவையில்லாமல் போயிற்று.

ஸ்டோர்காரருக்கு வேறு தேவை. சாயங்காலம் ஏழு மணிக்கு மெர்ச்சண்டைசர்கள் ஒவ்வொருவராக வந்து, "அண்ணா, என் துணி எப்ப வரும்?" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் நோட்டைப் புரட்டிச் சொல்ல வேண்டும். அவர் தட்டும் பதிவிலிருந்து பட்டறை வாரியாகப் பாக்கித் தாள் ஒன்று தினமும் மாலை தானாக எல்லோருக்கும் போகும்படி செய்ததும் அந்தக் கூட்டம் நின்றது. அவர் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனார். அடுத்த நாளிலிருந்து பதிவு தாமதமாகவில்லை.

கட்டிங் மாஸ்டருக்கு லே முடிந்ததுமே, போட்ட துணிக்கு எத்தனை பீஸ் வந்திருக்கிறது, கணக்குப்படி எத்தனை வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. முன்பெல்லாம் துணி பத்தவில்லை என்றால் முதல் பழி அவர் மேல்தான் விழும். ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) கூடி வந்த துணியால் பீஸ் குறைந்ததை இப்போது அவரால் காட்ட முடிந்தது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பயத்தைக் கடக்க வேண்டியிருக்கும். முப்பது வருடம் நோட்டு எழுதியவருக்கு அந்த நோட்டுதான் கம்பெனியில் இருக்கும் மரியாதை. அதில் இருப்பதெல்லாம் கணினிக்குள் போய்விட்டால் தன்னை எதற்கு வைத்திருப்பார்கள் என்ற கேள்வி அவருக்குள் ஓடும். வெளியில் சொல்ல மாட்டார். கீபோர்டு சரியில்லை, கண்ணு தெரியலை என்பார். அந்தக் கேள்வி நியாயமானது. மென்பொருள் வந்தால் எத்தனை பேரைக் குறைக்கலாம் என்று என்னிடம் நேராகக் கேட்ட முதலாளிகள் உண்டு. வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே நான் ஒரு வாக்குறுதி கேட்கிறேன்: இதைக் காரணம் காட்டி ஸ்டோரிலிருந்தும் செக்கிங்கிலிருந்தும் யாரையும் அனுப்பக் கூடாது, அதை நீங்களே அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். தயங்கியவர்களிடம் அந்த வேலையை எடுக்காமல் வந்திருக்கிறேன். இரக்கம் மட்டும் காரணமில்லை. பயந்த ஆள் தன் தலைப்பில்லாத கட்டத்தைக் காட்ட மாட்டார். அதைப் பார்க்காமல் போடும் மென்பொருள் நிற்காது.

சட்டமும் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். எந்த டி.சி.யில் என்ன போனது, என்ன வந்தது என்று ஐ.டி.சி.-04 படிவத்தில் காட்ட வேண்டும். அதுவரை ஸ்டோர் நோட்டை எட்டிப் பார்க்காத ஆடிட்டர்கள் அந்த வருடம் ஸ்டோருக்கே இறங்கி வந்தார்கள். 2023 ஏப்ரல் முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் அழியாமல் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். நல்ல ஸ்டோர்காரர் இதைச் சட்டம் சொல்வதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார். தவறான எடையை அடித்துவிட்டு, அடித்தது தெரியும்படி பக்கத்தில் புது எடையை எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

முதலாளிக்கு என்ன கிடைக்கிறது? ஒரே ஒரு கேள்விக்குப் பதில். "இந்த ஆர்டர்ல என்ன நிக்குது?" மென்பொருள் இல்லாதபோது, ஷிப்மென்ட் போனபின் மொத்த வருடக் கணக்கில் லாபம் தெரியும், ஆர்டர் வாரியாகத் தெரியாது. பெருமாநல்லூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் முதல் தடவையாக ஆர்டர் வாரிச் செலவுத் தாளை எடுத்தபோது, பல வருடமாகக் கம்பெனியின் பெருமையாக இருந்த பெரிய பையரின் ஆர்டர் நஷ்டம் காட்டியது. முதலாளி அதை நம்பவில்லை.

"ஏனுங்க, இது எப்படிங்க? எங்கியோ தப்பு இருக்குதுங்க."

நோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். மென்பொருள் வந்த பிறகும் ஸ்டோர்காரர் தன் நோட்டை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தச் சொன்னதில்லை. மூவரும் உட்கார்ந்து லாட் லாட்டாகப் பார்த்தோம். மறு சாயம், அதில் குறைந்த எடை, அவசரத்துக்கு ஏற்றிய சின்ன லாட், தேதி தவறி விமானத்தில் அனுப்பிய பெட்டிகள். எல்லாம் ஒத்துப்போனது. அந்தப் பையரின் ஷேடுகளுக்கு மட்டும் மறு சாயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. அனுமதி கொடுத்த கலரை அவர்களே நடுவில் மாற்றியிருந்தார்கள். அடுத்த ஆர்டருக்கு விலை பேசப் போனபோது முதலாளி அந்தத் தாளை எடுத்துப் போனார். கலர் மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் கேட்டு வாங்கியும் வந்தார். வந்த அன்று ஸ்டோருக்குப் போய் அந்த ஸ்டோர்காரரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தன் அறைக்குப் போனார்.

இப்போது என் மனசு இருப்பது இன்னொரு வேலையில். பட்டறைகளிலும் மென்பொருள் வந்துவிட்டது. நிட்டிங் யூனிட்டிலும் வந்துவிட்டது. ஆனால் கம்பெனியில் அடித்த டி.சி.யை வாங்கிப் பட்டறையில் மறுபடி தட்டுகிறார்கள். பட்டறை அடித்த டி.சி.யைக் கம்பெனியில் மறுபடி தட்டுகிறார்கள். இரண்டு தட்டலுக்கும் நடுவில் ரோல் எண்ணிக்கை மாறுகிறது, கலர் பெயர் மாறுகிறது, அதைச் சரிபார்க்க இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். டி.சி.யிலேயே கியூ.ஆர். கோடு அச்சிட்டு, பட்டறைத் தராசடியில் போனில் படித்தால் அங்கே உள்வரவு தானாக ஏறும்படி சில இடங்களில் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். லாட் எண் எல்லாக் கூரைக்கடியிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்குக் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பட்டறைக்காரர்கள் கேட்பது நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான்: "சரிங்க, இதுல எங்களுக்கு என்னங்க?" பில் பாஸாகும் நாளை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கம்பெனிகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். துணி உள்ளே வந்து எடை ஒத்துப்போனால் பதினைந்து நாளில் பணம் என்று ஒருவர் சம்மதித்திருக்கிறார். அந்தக் கம்பெனிக்குச் சாயம் போடும் பட்டறையில் அடுத்த மாதம் தொடங்குகிறோம்.